வஸ்தாதைத் தேடி

நேயர்களே, பிழைப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ பிறந்த மண்ணை விட்டு வேறொரு மாநிலத்திற் குடியேறும் தமிழர் அங்கே முதலில் தேடுவன சில உண்டு. புழுங்கலரிசி எந்தக் கடையிற் கிடைக்கும், முருகன் கோயில் எத்திசையில் உள்ளது, தமிழ்ச் சங்கம் எத்தெருவிற் கூடுகிறது என்பனவே அவை. மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல் பாகிலும், பெங்களூர் அல்சூரிலும் புதிதாக வந்திறங்கியவர்கள் இவற்றைக் கேட்டறியாமல் இருந்ததில்லை. ஆண்டுகள் சில செல்கின்றன. நாற்காலியில் அமர்ந்தே பொழுதைப் போக்கிய உடல் கனக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்போது வேறொரு தேடல் தொடங்குகிறது. இந்த உடலை வலுவுடையதாக்க எனக்குக் கற்றுத் தருவார் யார்? அறிமுகமில்லாத இந்த ஊரில் எவரை நம்பி என் முதுகெலும்பையும் மூட்டுகளையும் ஒப்படைப்பேன்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று; புதியதும் அன்று. நம் நாட்டில் எத்தனையோ தலைமுறையினர் இதனைக் கேட்டிருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்த ஆசான்கள் பல வகையினர். சிலர் தாயினும் பரிந்து கற்பித்தனர்; சிலர் அடித்துக் கற்பித்தனர்; சிலர் நேரில் முகம் காணாமல் அஞ்சல் வழியே கற்பித்தனர். அவர்களுடைய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இன்று நமக்கு ஏற்ற ஆசானைத் தெரிந்துகொள்ளும் வழியும் புலப்படும்.

முதலிற் சொற்களைக் கவனிப்போம். வட இந்தியாவில் மல்லர்கள் பயிலும் இடம் அகாடா எனப்படுகிறது. மராட்டிய நாட்டில் தாலீம் என்றும் வியாயாம சாலை என்றும் கூறுவர். தாலீம் என்ற அரபுச் சொல்லுக்குக் கல்வி என்பதே பொருள். கன்னட நாட்டில் அது கரடி மனை. தமிழிலும் கரடிக்கூடம் என்ற சொல் வழங்கியதுண்டு. கேரளத்தில் களரி. கற்பிப்பவரை வடக்கே உஸ்தாத் என்பர். அச்சொல்லே தமிழ்நாட்டிற்கு வந்து வஸ்தாது ஆயிற்று. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, கோதா, குஸ்தி என்று நம்மவர் வாயில் வழங்கும் சொற்களுட் சில பிற மொழிகளிலிருந்து வந்தவை. இக்கலை மொழி எல்லைகளைத் தாண்டி நடமாடிற்று என்பதற்கு இச்சொற்களே சான்று. வேற்றூரிற் பயிற்சிக் கூடத்தின் வாயிலில் நிற்கும் தமிழர் அங்கே முற்றிலும் அந்நியர் அல்லர்.

இக்கலை ஏட்டில் ஏறியதும் பழைய காலத்திலேயே. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் மல்யுத்தத்திற்கெனத் தனிப்பகுதி உண்டு. மல்லர்களை வயதும் வலிமையும் உடலமைப்பும் கருதி வகைப்படுத்தி, அவர்களுக்குரிய பயிற்சியையும் உணவையும் அந்நூல் விவரிக்கிறது. எல்லோர்க்கும் ஒரே பயிற்சி ஆகாது, ஆளைப் பார்த்தே அளவை வகுக்க வேண்டும் என்ற கருத்து, ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் எழுத்தில் வடிக்கப்பட்டது. இன்றைய பயிற்சியாளர் பலர் மறந்துவிடும் முதற் பாடமும் இதுவே.

அகாடாவின் நாள் விடியுமுன் தொடங்கும். கோதாவின் மண்ணை மண்வெட்டியாற் கொத்திப் புரட்டுவது மாணவர் கடமை. அந்த மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவர். புதிதாக வந்த சிறுவனுக்கு மண்ணைக் கொத்துவதே முதற்பயிற்சி. தோளும் இடுப்பும் அதிலேயே உரம் பெறும். பின்னர்த் தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, கதை சுழற்றுதல் என்று படிப்படியாக ஏறுவான். மரபான அகாடாக்களிற் பலவற்றில் மாதச் சம்பளம் என்ற வழக்கம் இல்லை. குரு பூர்ணிமை நாளில் மாணவன் தன்னால் இயன்றதைக் காணிக்கையாக வைப்பான். குருவோ மாணவனின் பயிற்சியை மட்டுமன்றி அவன் உண்பதையும் உறங்குவதையும் ஒழுக்கத்தையும் கண்காணிப்பார்.

இத்தகைய பேணுதலால் உருவானவர்களுள் தலைசிறந்தவர் காமா பயில்வான். 1878-இற் பிறந்த அவர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்துப் பெரியோரே அவரை ஏற்று வளர்த்தனர். மாமன் ஈதா பயில்வான் அவருக்குப் பயிற்சியளித்தார். 1888-இல் ஜோத்பூரில் நிகழ்ந்த பஸ்கிப் போட்டியில், பெரிய பயில்வான்கள் பலர் களைத்து விலகிய பின்னரும், பத்து வயதுச் சிறுவனான காமா இறுதி வரை நின்றவர்களுள் ஒருவராக இருந்தார். 1910-இல் இலண்டன் சென்று, போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவுடன் முடிவு காணாத நெடும்போர் புரிந்தார். 1928-இற் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். உலகம் அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டாடுகிறது. தந்தையற்ற சிறுவன் ஒருவனைத் தம் பொறுப்பாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் வளர்த்தவர்களின் உழைப்பு அந்த நிமிடத்திற்குப் பின்னால் நின்றது.

அகாடாவின் குறைகளையும் மறைத்தல் கூடாது. அது பெரும்பாலும் ஆடவர் உலகம். பெண்கள் கோதாவில் கால் வைத்தலும் ஆகாது என்ற விதி நெடுங்காலம் நிலவியது. சாதியின் வேலியும் பல இடங்களில் இருந்தது. குருவின் சொல்லை மறுத்துக் கேட்கும் உரிமை மாணவனுக்கு இல்லை. ஊரார் அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு எளிதில் திறந்த கதவு, வெளியூரிலிருந்து வந்த அந்நியனுக்கு அவ்வாறு திறக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் உடற்பயிற்சிக்கு அரசியற் பொருளும் சேர்ந்தது. 1841-இல் மெக்காலே, வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றிய தம் கட்டுரையில் வங்காளியரை உடல் வலியற்றவர் என இகழ்ந்து எழுதினார். அந்த இகழ்ச்சி வங்கத்துப் படித்தவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1867-இல் நவகோபால் மித்திரர் முதலியோர் தொடங்கிய இந்து மேளாவில் உடற்பயிற்சிக் காட்சிகள் இடம் பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாகூர் குடும்பத்தைச் சார்ந்த சரளாதேவி தம் இல்லத்திலேயே இளைஞர்களுக்குச் சிலம்பும் வாளும் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். ஒரு பெண்மணி முன்னின்று ஆடவர்க்குப் பயிற்சிக் கூடம் நடத்தியது அக்காலத்திற்கு வியப்பான செய்தியே. 1902-இற் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கிய அனுசீலன் சமிதி, பின்னர் ஆங்கிலேய அரசை அச்சுறுத்தும் புரட்சி இயக்கமாயிற்று. தண்டால் எடுப்பதும் ஐயத்திற்குரிய செயலாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்த வேளையில்தான் மேனாட்டிலிருந்து ஒரு புதிய வகை ஆசான் வந்தார். ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-இற் பிறந்த யூஜீன் சாண்டோ, தம் கட்டுடலைக் காட்டியே உலகப் புகழ் பெற்றவர். 1904-05-ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவிற்று. சாண்டோ விட்டுச் சென்றது கட்டுடலின் நினைவு மட்டுமன்று. வலிமையை வணிகப் பொருளாக்கும் முறையையும் விட்டுச் சென்றார். நூல், படம், சுருள்வில் பொருத்திய டம்பெல், அஞ்சல் வழிப் பாடம் ஆகியவற்றை விலை கொடுத்து எவரும் பெறலாம். சாதி கேட்பாரில்லை, குலம் கேட்பாரில்லை. ஆனால் முதுகு வளைந்து தவறாகத் தூக்கும்போது, நிறுத்து என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

சாண்டோவின் பெயரைப் பட்டமாகப் பெற்று, அவர் புகழுக்கு ஈடாக விளங்கியவர் ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு. கலியுக பீமன் என்று மக்கள் அவரை அழைத்தனர். மார்பின்மேல் யானையை ஏற்றியும், ஓடத் துடிக்கும் மோட்டார் வண்டியை இழுத்து நிறுத்தியும் அவர் நாடெங்கும் காட்சிகள் நடத்தினார். மூச்சடக்கமும் நம் நாட்டுப் பயிற்சிகளும் அவர் வலிமைக்கு ஊற்று. மக்கள் வியந்து கைதட்டினர். கைதட்டலோடு வீடு திரும்பியவர்களுள் எத்தனை பேர் மறுநாட் காலையில் தண்டால் எடுத்திருப்பர்? வியப்பு வேறு, பயிற்சி வேறு. காட்சி நடத்துவோர் அனைவரும் கற்பிக்க வல்லவர் அல்லர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

காட்சியையும் கற்பித்தலையும் ஒருங்கே இணைத்தவர் பெங்களூரின் பேராசிரியர் கே. வி. ஐயர். 1922-இல் அவர் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். மேனாட்டுப் பார்பெல்லையும் நம் நாட்டு ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் பகை என்று கருதாமல் ஒரே கூடத்தில் வைத்துக் கற்பித்தது அவருடைய சிறப்பு. பளுவினால் தசை உரம் பெறும். ஆசனத்தால் உள்ளுறுப்புகள் நலம் பெறும் என்பது அவருடைய கொள்கை. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. நாட்டின் பல பாகங்களில் இருந்தோர்க்கு அஞ்சல் வழியாகவும் பயிற்சி அளித்தார். சாண்டோவிடமிருந்து முறையைக் கற்றுக்கொண்டு அதில் நம் நாட்டுப் பொருளை இட்டு நிரப்பினார் என்று கூறலாம்.

ஐயரின் கூடத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. தசைகளைப் பற்றி நூல் எழுதிய அதே கை, சாந்தலா என்ற கன்னட வரலாற்று நாவலையும் எழுதிற்று. கன்னட நாடகாசிரியர் டி. பி. கைலாசம் அவருடைய நெருங்கிய நண்பர். உடலைப் பேணுவோர் அறிவைப் பேணார் என்ற பழமையான ஏளனத்திற்கு ஐயரின் வாழ்க்கை தக்க மறுமொழி.

அவருடன் சேர்ந்து பணிபுரிந்தவர்களுள் ஒருவர் தமிழர். மதுரையிற் பிறந்து வழக்கறிஞராய் விளங்கிய யோகாசாரியர் சுந்தரம், பெங்களூரில் ஐயருடன் இணைந்து சொற்பொழிவுகளும் செயல் விளக்கங்களும் நடத்தினார். 1920-களின் இறுதியில் ஆசனங்களை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். ஆசனங்களைப் பொதுமக்கள் பயில்வதற்கென ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள் அது மிக முற்பட்டது. வேற்று மாநிலத்திற் குடியேறிய ஒரு தமிழர், அங்கே தமக்கு ஆசானைத் தேடியதோடு நில்லாமல், பிறர்க்கு ஆசானாகவும் விளங்கினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

பெங்களூரை விட்டு மைசூருக்குச் செல்வோம். அங்கே ஜகன்மோகன் அரண்மனையில் மகாராஜாவின் ஆதரவுடன் திருமலை கிருஷ்ணமாசாரியார் 1930-களில் யோக சாலை நடத்தினார். 1934-இல் அவர் மைத்துனரான பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். 1918-இல் விஷக் காய்ச்சல் உலகையே வாட்டியபோது பிறந்தவர் அவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என ஒவ்வொரு நோயும் அவரைத் தின்று, கைகால் மெலிந்து தலை மட்டும் பெருத்துத் தோன்றினார். அந்தச் சிறுவரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. கே. எஸ். ஐயங்கார்.

கிருஷ்ணமாசாரியார் கல்விக் கடல். ஆனால் கண்டிப்பு மிக்கவர். அவருடைய கடுமையை ஐயங்காரே பிற்காலத்தில் பல முறை நினைவுகூர்ந்துள்ளார். பழகாத உடலைக் கொண்டு கடினமான ஆசனத்தைச் செய்துகாட்டும்படி குரு ஆணையிட்டதையும், அதனால் நெடுநாள் வலியுற்றதையும் அவர் மறைக்கவில்லை. அதே குருவால்தான் தமக்கு உயிர் வாழ்வு கிடைத்தது என்பதையும் அவர் மறக்கவில்லை. இவ்விரண்டும் உண்மை. கடுமை பலன் தந்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கடுமையைத் தாங்காமல் பாதியில் விலகியவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. ஆகவே ஐயங்காரின் வெற்றியைக் காட்டிக் கடுமையை நியாயப்படுத்துவோர் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்வது முறையன்று.

1937-இல் ஐயங்கார் புணே நகருக்கு அனுப்பப்பட்டார். டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாத காலம் யோகம் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வயது பதினெட்டு, மராத்தி தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. மாணவர்களோ அவரினும் வலிமையும் வயதும் மிக்கவர்கள். வேற்றூரில் மொழி தெரியாமல் தவித்த அனுபவம் உடைய நம் நேயர்கள் அவருடைய நிலையை நன்கு உணர்வார்கள். ஆறு மாதத்திற்கென வந்தவர் புணேயிலேயே வேரூன்றினார். 1952-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அவருக்கு மாணவரானார். 1966-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில யோக நூல் உலகெங்கும் பரவியது. 2014-இல் அவர் மறையும் வரை புணேயே அவர் ஊர்.

ஐயங்காரும் கண்டிப்புக்குப் பெயர் போனவரே. எனினும் ஒரு செயலால் அவர் தம் குருவின் வழியைக் கடந்து சென்றார். வளையாத முதுகினர்க்குக் கயிறு, எட்டாத கையினர்க்கு மரக்கட்டை, நிற்க இயலாதவர்க்கு நாற்காலி, நோயாளிக்குத் தலையணை என்று துணைக் கருவிகளை வகுத்தார். உடல் ஆசனத்தை எட்ட முடியாவிடில் ஆசனத்தை உடலின் அருகே கொண்டுவர வேண்டும் என்பது இதன் உட்பொருள். தாம் நோயுற்ற சிறுவராய் இருந்த நாட்களை அவர் மறக்கவில்லை போலும். பலவீனத்தின் சுவையை அறிந்தவரே பலவீனர்க்கு நல்லாசான் ஆகிறார்.

பெண்களுக்கு இக்கதவு மெல்ல மெல்லவே திறந்தது. 1936-இல் யோக சாலையினர் வட கன்னட நாட்டிற் சுற்றுப்பயணம் சென்றபோது, பெண்களும் கற்க விரும்பினர். குழுவில் வயதிற் சிறியவர் என்ற காரணத்தாலேயே ஐயங்கார் அவர்களுக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இந்திரா தேவி என்ற பெயர் பூண்ட ஐரோப்பியப் பெண்மணி மைசூருக்கு வந்து மாணவியாகச் சேர விரும்பினார். கிருஷ்ணமாசாரியார் முதலில் மறுத்து, மகாராஜாவின் பரிந்துரைக்குப் பின்னரே ஏற்றுக்கொண்டார். ஏற்றபின் முழு மனத்துடன் கற்பித்து, பிறர்க்குக் கற்பிக்கும்படியும் பணித்தார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்குதலில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேசுவரியும், 2016-இல் ரியோவில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற சாட்சி மாலிக்கும் நெடுங்காலம் மூடிக் கிடந்த கதவின் வழியே நடந்து சென்றவர்கள்.

வங்கத்திற்கு மீண்டும் செல்வோம். பரமஹம்ச யோகானந்தரின் தம்பியான விஷ்ணு சரண் கோஷ், 1923-இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். ஐயரைப் போலவே அவரும் பளுவையும் யோகத்தையும் இணைத்துக் கற்பித்தார். அவர் மாணவர் மனதோஷ் ராய் 1951-இல் இலண்டனில் பிரபஞ்ச ஆணழகன் போட்டியில் தம் பிரிவிற் பட்டம் வென்றார். மறு ஆண்டு 1952-இல் அதே போட்டியில், ஐந்தடி உயரமும் எட்டாத மனோகர் ஆயிச் வென்றார். இவருடைய வரலாறு நெஞ்சை உருக்குவது. ஆங்கிலேயரின் விமானப்படையிற் பணிபுரிந்தபோது, அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்றார். கருவிகள் இல்லாத சிறைக்குள்ளேயே நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்தார். விடுதலைக்குப் பின் வயிற்றுப்பாட்டிற்காக இளநீர் விற்றார். பட்டம் வென்றபின் தம் ஊரிலேயே பயிற்சிக் கூடம் அமைத்து, 2016-இல் நூறு வயதைக் கடந்து மறையும் காலம் வரை அதனோடு உறவை விடவில்லை.

ஆசானுடைய ஆதரவு பயிற்சிக் கூடத்தோடு முடிந்துவிடுவதன்று. மராட்டியத்தின் கசாபா ஜாதவ், மல்லராகிய தம் தந்தையிடம் கற்றவர். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்றபோது மண் கோதாவிற் பழகிய அவருக்கு மெத்தை விரிப்பு புதியதாக இருந்தது. எனினும் ஆறாம் இடம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கி செல்லப் பணம் போதவில்லை. ஊரார் நிதி திரட்டினர். அவர் பயின்ற கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியா பெற்ற முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. பதக்கம் வந்தபின், முதலில் அந்த முதல்வர் வீட்டுக் கடனைத் தீர்க்க அவர் முனைந்தார் என்பர்.

இதனிடையே ஆசானாவதற்கே கல்வி வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்தது. 1914-இல் அமராவதியில் வைத்தியா சகோதரர்கள் நிறுவிய அனுமான் வியாயாம பிரசாரக மண்டலி, நம் நாட்டுப் பயிற்சிகளை முறைப்படுத்திக் கற்பித்து, 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அங்கு சென்று செயல் விளக்கமும் காட்டிற்று. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென ஆசியாவில் எழுந்த முன்னோடி நிறுவனம் அது. 1957-இற் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியும், 1961-இற் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனமும் தோன்றின. எலும்பின் அமைப்பு, இருதயத்தின் இயக்கம், காயத்திற்கு முதலுதவி ஆகியவற்றை அறிந்த பின்னரே கற்பிக்க வேண்டும் என்ற நெறி இவற்றால் நிலைபெற்றது.

இன்று நிலை என்ன? பெருநகரங்களில் தெருவுக்குத் தெரு பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. கருவிகளுக்குக் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும். இது பயில்வான்களுக்குச் சொன்னதன்று. அலுவலக எழுத்தர்க்கும், இல்லத்தரசிக்கும், ஓய்வு பெற்ற முதியவர்க்கும் சொன்னது. ஆகவே ஆசானின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. போலி ஆசான்களும் மிகுந்துள்ளனர். மூன்றே மாதத்தில் உருமாற்றம் என்று வாக்களிப்போரும், தசையை விரைவிற் பெருக்க ஸ்டீராய்டு ஊசிகளைக் கைமாற்றுவோரும் உண்டு. அம்மருந்துகள் இருதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். மலட்டுத் தன்மையும் விளைவிக்கும். மருத்துவர் அல்லாத ஒருவர் மருந்து கொடுக்க முன்வந்தால், அந்தக் கூடத்தை விட்டு அன்றே வெளியேறுவது நலம்.

நாம் கண்ட வரலாற்றிலிருந்து நல்லாசானின் இலக்கணத்தை ஒருவாறு தொகுத்துக்கொள்ளலாம். முதல் நாளிலேயே பளுவைக் கையிற் கொடுக்காமல், வயது என்ன, பழைய நோய் என்ன, எந்த மூட்டில் வலி என்று கேட்பவர் நல்லவர். மானசோல்லாசம் கூறும் நெறி அது. இயலாதவற்கு மாற்று வழி காட்டுபவர் நல்லவர். ஐயங்காரின் மரக்கட்டை கற்பிக்கும் பாடம் அது. தாம் கற்ற கல்விக்குச் சான்று காட்டத் தயங்காதவர் நல்லவர். வலிக்கிறது என்று சொன்னாற் சினவாமல் கேட்பவரும், பிறருடன் ஒப்பிட்டு நாணச் செய்யாமல் நேற்றைய உங்களுடன் இன்றைய உங்களை ஒப்பிடுபவரும் நல்லவர். தம் உடலழகை மட்டுமே சான்றாகக் காட்டுபவரிடம் சற்று எச்சரிக்கை வேண்டும். யானையைத் தாங்கிய மார்பு வியப்பிற்குரியது. ஆனால் நம் முதுகு வலியைத் தீர்க்கும் அறிவு அதிலிருந்து தானே பிறந்துவிடாது.

மாணவர்க்கும் கடமை உண்டு. குறித்த நேரத்தில் வருதல், சொன்ன அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் செய்தல், உண்மையை மறையாமை ஆகியவை அவை. இருதய நோயோ இரத்த அழுத்தமோ உடையவர்கள் முதலில் மருத்துவரைக் கண்டு, அவர் கூறும் வரம்பை ஆசானிடம் அறிவிக்க வேண்டும். மொழி தெரியவில்லையே என்று தயங்கவும் வேண்டுவதில்லை. மராத்தி அறியாத ஐயங்கார் மராட்டியர்க்கே கற்பித்தார். உடலுக்கு உடல் சொல்லிக்கொடுக்கும் மொழி எங்கும் ஒன்றே.

நேயர்களே, வேற்றூரில் வாழும் நமக்கு நோய் வந்தால் அருகிருந்து பார்க்க உற்றார் குறைவு. ஊரில் இருக்கும் தாய் தந்தையர் தொலைபேசியிற் கேட்கும் முதற் கேள்வி, உடம்பு எப்படி இருக்கிறது என்பதே. அவர்களைத் தேற்றுவதற்காக நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லும் நிலை நமக்கு வரலாகாது. ஆகவே நாளைக் காலை உங்கள் தெருவில் உள்ள கூடத்திற்கோ, பூங்காவில் ஆசனம் பயில்வோரிடமோ, அருகிலுள்ள வியாயாம சாலைக்கோ சென்று பாருங்கள். உடனே பணத்தைக் கட்டிவிட வேண்டாம். ஓர் ஓரமாக நின்று, அங்கே கற்பிப்பவர் வலியவனிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதைக் காட்டிலும், புதிதாக வந்த மெலிந்தவரிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் குரலிற் பொறுமை இருக்குமாயின், உங்கள் வஸ்தாது கிடைத்துவிட்டார் என்று கொள்ளலாம்.